வவ்வாலுக்குப் புகை போடுமுன் மனு எழுதுங்கள்

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டால் பல ஊர்களில் முதல் வேலையாக மண்டபத்துக்குள் வைக்கோலையும் மிளகாயையும் கொளுத்திப் புகை மூட்டுகிறார்கள். பாழ்வீட்டை இடிப்பதற்கு முன்பும் பழைய கிணற்றைத் தூர்ப்பதற்கு முன்பும் இதுவே நடக்கிறது. பெரிய வவ்வால்கள் பறந்துவிடும். பறக்கத் தெரியாத குட்டிகள் தரையில் விழுந்து சாகும். விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையத்தில் பாறைக் குகை இல்லைதான். ஆனால் இருட்டும் ஈரப்பதமும் அசையாத காற்றும் உள்ள இடம் எதுவானாலும் வவ்வாலுக்கு அது குகைதான்: ஓட்டு வீட்டின் பரண், கோயில் மண்டபம், தண்ணீர் வற்றிய கிணறு. மேற்கே செஞ்சிக் கோட்டை, மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டு, தளவானூர் என்று நிஜமான கல் இருட்டுகளும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன.

நம் பக்கத்துக் குகைகளில் தங்கும் இலைமூக்கு வவ்வால்களில் ஒன்றான ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ், தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியை வைத்து 1800-இல் அறிவியல் பெயர் பெற்றது. இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் அதற்கு வேறு நாடில்லை. ஏறக்குறைய 130 கிலோஹெர்ட்ஸில் மூக்கு வழியே ஒலியெழுப்பி, திரும்பி வரும் எதிரொலியில் பூச்சியின் சிறகடிப்பை அறிகிறது. நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு சரி. இவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் சில மீட்டர்களுக்குள் தேய்ந்துவிடும். ‘வவ்வால் விரட்டும் அல்ட்ராசானிக் கருவி’ என்று விற்பதை நம்பிப் பணத்தைத் தொலைக்காதீர்கள் என்பதற்கு இதுவே காரணம். இன்னொன்றும் உண்டு. பழகிய வழியில் பறக்கும்போது வவ்வால் எதிரொலியைவிட நினைவையே அதிகம் நம்பும். நேற்றுவரை திறந்திருந்த வாசலில் இன்று திடீரென்று கம்பிவலை அடித்தால் அதில் போய் மோதும். உள்ளே மாட்டிய குட்டிகள் பட்டினியில் செத்து அழுகும். நாற்றத்தை ஒழிக்க வலை அடித்தவர்களுக்கு அதைவிடப் பெரிய நாற்றம்தான் மிஞ்சும்.

‘நோய் பரப்புகிறதே, கொன்றால் என்ன?’ என்று கேட்பார்கள். நிபா 2018-இல் கோழிக்கோட்டை உலுக்கியபின் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கொன்று பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் எகிப்தியப் பழவவ்வால்கள் பெருங்கூட்டமாகத் தங்கியிருந்தன. பழவவ்வால்களில் அபூர்வமாக, நாக்கைச் சொடுக்கி எதிரொலியால் இருட்டில் வழி காணும் இனம் அது. 2007-இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மார்பர்க் காய்ச்சல் வந்ததும் அந்தக் கூட்டத்தையே அழித்தார்கள். சில ஆண்டுகளில் புது வவ்வால்கள் வந்து குடியேறின. முன்பு நூற்றுக்கு ஐந்து வவ்வால்களில் இருந்த மார்பர்க் தொற்று, 2012-இல் சோதித்தபோது பதின்மூன்றாக ஏறியிருந்தது. அதே ஆண்டு பக்கத்து ஊரில் மறுபடி காய்ச்சல் வெடித்தது. காலியான இடத்துக்கு நோய் காணாத இளம் வவ்வால்கள் வந்து சேர்வதே காரணம் என்று கருதப்படுகிறது. நமக்குள்ள பாதுகாப்பு வேறு: கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், பதநீர்ப் பானையின் வாயை மூடிக் கட்டுங்கள். வங்கதேசத்தில் நிபா பரவியது பெரும்பாலும் திறந்த கலயத்து ஈச்சஞ்சாற்றால்தான். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்தபின் வாருங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம்.

சட்டத்துக்கு வருவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வவ்வாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் ‘தீங்குயிர்’ (வெர்மின்) பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது; 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இனி ஓர் உயிரைத் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே. ஊராட்சித் தலைவருக்கும் திருப்பணிக் குழுவுக்கும் அது கிடையாது. இது தெரியாத அலுவலர்கள் இன்னமும் ‘அது வெர்மின்தானே’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வாய்வார்த்தையைக் கேட்டுத் திரும்பாதீர்கள். சொல்வதை எழுத்தில் கேளுங்கள்.

வேலை தொடங்குமுன் வவ்வாலுக்காக எழுதும் மனு எங்கே போக வேண்டும் என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். புதுச்சேரி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதால் குயிலாப்பாளையத்துக்காரர்கள் அங்கே ஓடினால் கை விரிப்பார்கள்; ஊர் இருப்பது வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். மனுவை விழுப்புரம் மாவட்ட வன அலுவலருக்கு எழுதி, நகலைத் திண்டிவனம் வனச்சரகத்தில் கொடுங்கள். கோயிலானால் செயல் அலுவலருக்கும் அறநிலையத்துறை உதவி ஆணையருக்கும் ஒவ்வொரு நகல். தொல்லியல் துறையின் நீலப் பலகை நிற்கும் இடமானால் அத்துறையின் சென்னை வட்டத்துக்கு எழுதுங்கள். அங்கே நீங்களாக ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. மனுவில் நான்கு விவரம் போதும்: இடத்தின் சர்வே எண், உரிமையாளர், குட்டிகள் தென்படுகின்றனவா என்பது, வேலை தொடங்கப்போகும் தேதி. பகலில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்த படம் ஒன்றை இணைத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வீட்டிலிருந்து வெளியேற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது. இருட்டியபின் பெரியவை இரைக்குப் போனதும் உள்ளே பாருங்கள். குட்டிகள் தொங்கினால் அவை பறக்கும்வரை காத்திருங்கள். இல்லையென்றால், அவை வந்துபோகும் இடுக்கின் வெளிப்பக்கம் மேல்விளிம்பிலும் இரு ஓரங்களிலும் மட்டும் வலையை ஒட்டி, அடியைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உள்ளிருப்பவை ஊர்ந்து வெளியேறும், திரும்ப நுழைய முடியாது. ஒரு வாரம் கழித்து, உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்தபிறகே இடுக்கைப் பூசுங்கள். கிணற்றுக்கோ மண்டபத்துக்கோ பாதுகாப்பு வேண்டுமென்றால் வலைக்குப் பதில் அரை அடி இடைவெளியில் கிடைக்கம்பிகள்; எப்படி அமைப்பது என்பதை வனத்துறையிடம் கேட்டபின் போடுங்கள். எப்படியானாலும் புகை மட்டும் போடாதீர்கள்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 6(1)-இன் கீழ் வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘இத்தனையாம் தேதி கொடுத்த மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது’ என்ற இரண்டு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.