தூண்டிலை எடுக்குமுன்...

நற்செய்தி நூல்கள் கலிலேயாக் கடல் என்று அழைப்பது உண்மையில் கடலன்று, நன்னீர் ஏரி. யோர்தான் ஆறு ஒருபுறம் வந்து அதனை நிரப்பி, மறுபுறம் வெளியேறுகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்திலும் 13 கிலோமீட்டரே. கடல்மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் அவ்வேரி அமைந்துள்ளது. குன்றுகளின் இடுக்கு வழியாக இறங்கும் காற்று, எதிர்பாராத வேளையில் அதனைக் கொந்தளிக்கச் செய்யும். ஆகவே, இராயப்பரும் பெலவேந்திரரும் செபதேயுவின் மக்களும் ஆழ்கடலில் சென்று மீன்பிடித்தவர்கள் அல்லர். நம் ஏரிகளிலும் அணைகளிலும் வலை வீசும் எளிய மக்களைப் போன்ற நன்னீர் மீனவர்களே அவர்கள்.

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணம் உண்டு. நமது பங்கு, மேட்டூர் அணைக்குக் கீழே காவிரிக் கரையில் உள்ளது. கோடை விடுமுறை வந்துவிட்டால் தந்தையரும் மைந்தரும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு புறப்படுவர். ஆடி பிறந்து ஆற்றில் புதுநீர் வந்துவிட்டாலோ, இளைஞர்களை வீட்டில் பிடித்து நிறுத்த இயலாது. சிறுவயது முதல் தூண்டில் போட்டுப் பழகியவர் நாம் என்பதை அறிந்த அவர்கள், "சாமி, எந்த நாள் போனால் மீன் கடிக்கும்?" என்று நம்மையும் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு ஒருமுறை நாம் அரைகுறையாக விடை கூறினோம். அதன் விளைவை இறுதியில் சொல்லுவோம். இன்று அதே கேள்விக்கு முழுமையாக விடை கூற முயல்கிறோம்.

நிலவு சொல்வதும் சொல்லாததும்

எல்லாரும் முதலில் கேட்பது நிலவைப் பற்றியே. நிலவைக் கணிப்பதில் கத்தோலிக்கராகிய நாம் யாருக்கும் இளைத்தவர் அல்லர். மார்ச் 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே நமக்குப் பாஸ்குத் திருநாள். ஆதலின், பெரிய வியாழன் நள்ளிரவில் நற்கருணை ஆராதனை முடிந்து வெளியே வருவோர், முழுநிலவையோ அதற்குச் சில நாள் முன்பின்னான பெருநிலவையோ வானத்தில் காண்பர்.

மீன்பிடிப்போரும் நெடுங்காலமாக நிலவைப் பார்த்தே நாள் குறித்து வந்துள்ளனர். 1926-ஆம் ஆண்டு ஜான் ஆல்டன் நைட் என்னும் அமெரிக்கர், இவ்வழக்கத்தை ஒரு கொள்கையாகவே வகுத்தார். நிலவு உச்சிக்கு வரும் வேளையிலும், அதற்கு நேர் எதிராகப் பூமியின் மறுபக்கத்தில் நிற்கும் வேளையிலும் மீன்கள் மிகுதியாக இரை எடுக்கும் என்பது அவர் கருத்து. அதனை ஒட்டிய அட்டவணைகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நம் இளைஞர்கள் அவற்றைப் பார்க்கின்றனர்.

அக்கொள்கையை இகழ வேண்டா. அதனை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா. நிலவின் ஈர்ப்பால் கடல் பொங்கி வடிவது உண்மை. ஆனால், நம் ஊர் ஏரியிலோ அணையிலோ கண்ணுக்குத் தெரியும் ஓதம் எதுவும் எழுவதில்லை. நன்னீரில் நிலவு செய்யும் பெரிய வேலை ஒளி தருவதே. வாளையும் கெளுத்தியும் இருளில் இரை தேடுபவை. முழுநிலா இரவில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்று பரிசலில் சென்று வலை விரிக்கும் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். மேலும், நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுகிறது. வளர்பிறையில் மாலை முதலே வெளிச்சம் இருக்கும். தேய்பிறையில் முன்னிரவு இருண்டிருக்கும். கரையில் வழி தெரிய வேண்டியவன் இதனை அறிந்து புறப்பட வேண்டும். நிலவு நமக்குச் சொல்வது இவ்வளவே.

வானம்

நிலவைவிட வானிலை மிகுதியாகப் பேசும். கோடையில் நீர் சூடேறும்போது, அதில் கரைந்திருக்கும் உயிர்க்காற்று குறைகிறது. இரவில் நீர்ப்பாசியும் செடிகளும்கூட அதனைச் செலவழிக்கின்றன. ஆகவே, பாசி படர்ந்த ஏரியில் விடியும் முன்பே மூச்சுத்திணறல் மிகுதி. மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 'மீன் துள்ளுகிறது, இன்று நல்ல வேட்டை' என்று அறியாதவர் மகிழ்வர். ஆனால், மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரையைத் தொடாது. வெயில் ஏறிச் செடிகள் உயிர்க்காற்றை வெளிவிடத் தொடங்கிய பின்னரோ, காற்று எழுந்து சிற்றலை மோதும் கரையிலோதான் தக்கை அசையும். நீரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தூண்டிலைப் பிரிப்பவன் இதனை உணர்வான்.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை வரும். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும், வாய்க்கால் நீர் ஏரியில் விழும் இடத்தில் மீன்கள் திரளும். மழைநீர் புழுவையும் பூச்சியையும் அடித்துக்கொண்டு வருவதே காரணம். ஆனால், அம்மழைக்கு முன்வரும் மின்னல் கொடியது. வெட்டவெளியான ஏரிக்கரையில் நீண்ட கோலைப் பிடித்து நிற்பவனே உயர்ந்து நிற்பவன். மின்னலைக் கண்டு இடியைக் கேட்பதற்குள் எண்ணிப் பாருங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 எண்ணுமுன் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கோலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்திற்குள் சென்றுவிட வேண்டும். தனிமரத்தடி அடைக்கலம் ஆகாது.

நீர்

நிலவையும் வானத்தையும் விட முதன்மையாகப் படிக்க வேண்டியது நீரையே. அதனைப் படிக்க ஏற்ற காலம் கோடை. நீர் இறங்கும்போது, ஏரி தான் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் வெளியே காட்டும். 1986-ஆம் ஆண்டு வறட்சியால் கலிலேயா ஏரி இறங்கியபோது, கரைச் சேற்றில் 8 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள பழம்படகு ஒன்று வெளிப்பட்டது. நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது அது என்று அறிஞர்கள் கண்டனர். நம் பக்கத்திலும் அத்தகைய காட்சி உண்டு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடியில் பழைய கோவிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் தலைகாட்டுவதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

அந்நாளில் வேடிக்கை பார்த்துத் திரும்பிவிடாமல், மூழ்கிக் கிடந்த சுவர் எங்கே, பட்ட மரம் எங்கே, மண் எடுத்த பள்ளம் எங்கே என்று குறித்துக்கொள்வதே மீன்பிடிப்பவனுக்கு அழகு. மீன் தங்குவதும் அங்கேதான். கால் வழுகினால் ஆளை விழுங்குவதும் அதே பள்ளம்தான். ஐப்பசியில் ஏரி நிரம்பியபின் இரண்டும் கண்ணுக்குத் தெரியா.

ஆற்றின் நிலைமை வேறு. நம் ஊர் வானத்தைப் பார்த்துக் காவிரியை அறிய இயலாது. தென்மேற்குப் பருவக்காற்று குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழை, கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்பி, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வருகிறது. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 2018 ஜூலையில் நிரம்பியதுபோல் அணை நிரம்பிவிட்டால், வருகிற நீரையெல்லாம் திறந்தே ஆக வேண்டும். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். நொடிக்கு 20,000 கன அடி திறந்தார்கள் என்று செய்தியில் கேட்டால், ஒவ்வொரு நொடியும் ஐந்தரை இலட்சம் லிட்டருக்கு மேல் நம் துறையைக் கடக்கிறது என்று பொருள். அன்று நம் ஊரில் ஒரு துளி மேகமும் இராது. நிலவு பால்போல் காயும். அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலிய இடங்களில் கதவணைகளும் உள்ளன. அவற்றின் இயக்கத்தாலும் ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும்.

காவல் நிற்கும் விரால்

எப்பொழுது போகலாம் என்று கேட்பதுபோல், எப்பொழுது போகலாகாது என்றும் கேட்க வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் கெண்டை இனங்கள் புதுநீரை எதிர்த்து ஏறுவது முட்டையிடுவதற்காகவே. வயிறு நிறைய முட்டையோடு வருவதைக் கலிங்கில் மறித்துக் கூடை கூடையாக அள்ளுவது, விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

விராலைப் பாருங்கள். குஞ்சுகள் செந்நிறப் பொடியைத் தூவியதுபோல் நீர்ப்பரப்பில் கூட்டமாகத் திரியும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அக்கூட்டத்தின் நடுவே எதை இட்டாலும் பெற்ற மீன் சீறிப் பாய்ந்து கவ்வும். பசியினால் அன்று, பகையென்று எண்ணி. அவ்வேளையில் அதனைப் பிடிப்பது எளிது. அதனாலேயே பலர் பிடிக்கின்றனர். காவல் போனபின் அக்குஞ்சுகள் பிற மீனுக்கும் பறவைக்கும் இரையாகும். உங்கள் பிள்ளையுடன் கரையில் நிற்கும்போது, செந்நிறக் கூட்டத்தைச் சுட்டிக் காட்டித் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அப்பால் செல்லுங்கள். குடும்பத்தைப் பற்றி நாம் பீடத்தில் நின்று பேசும் பேச்சைவிட அஃது அவன் நெஞ்சில் நிற்கும்.

ஏரிகள் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அணையில் பிடிப்போர் உரிமம் பெற்றவர்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கன்று, சோறு. கேட்டு, ஒப்புதல் பெற்றே இறங்குக. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் சட்டமே குற்றமென்கிறது.

நாம் கேட்கத் தவறியது

இனி, தொடக்கத்தில் கூறாது விட்டதைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்து முழுநிலா நாள், சனிக்கிழமை. மாலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடையைக் களைந்துகொண்டிருந்தபோது, முன்பு பீடச் சிறுவனாக இருந்த ஓர் இளைஞன் வாயிலில் வந்து நின்றான். தறிப்பட்டறையில் வேலை செய்பவன். "சாமி, இன்னைக்கு நிலா எத்தனை மணிக்கு உச்சிக்கு வரும்?" என்றான். நமக்குத் தெரிந்ததைக் கேட்டான் என்னும் மகிழ்ச்சியில், நள்ளிரவை ஒட்டி வரும் என்றோம். மேகமில்லை, நல்ல இரவு என்றும் சொன்னோம். நிலவைப் பற்றிக் கேட்டான். நிலவைப் பற்றி மட்டுமே சொன்னோம். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அணையில் நீர் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அவனும் அவன் தம்பியும் முழங்கால் நீரில் நடந்து ஆற்றின் நடுப்பாறைக்குச் சென்றிருக்கின்றனர். நீர்த்திறப்பைக் கூட்டப்போவதாக அன்று பிற்பகலே ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். தறியின் ஓசையில் அது அவ்விருவர் காதிலும் விழவில்லை. நள்ளிரவில் பாறையைச் சுற்றி நீர் ஏறியது. அவர்களிடம் மிதக்கக்கூடியதாக இருந்தது குடிநீர் கொண்டுபோன ஒரு பிளாஸ்டிக் கேன் மட்டுமே. அதிலிருந்த நீரைக் கொட்டிவிட்டு, தம்பியின் மார்போடு துண்டால் கட்டி, அவனை முதலில் இறக்கிவிட்டான் அண்ணன். தம்பி நெடுந்தொலைவு அடித்துச் செல்லப்பட்டு, நாணற்புதரைப் பற்றிக் கரையேறினான். அண்ணனை இரண்டாம் நாள் பரிசல்காரர்கள் கொண்டுவந்தார்கள்.

அடக்கத்தின்போது அவன் தாய் நம்மைக் குறை கூறவில்லை. "ராத்திரி நல்லா இருக்கும்னு சாமி சொன்னாங்கன்னு சந்தோசமாப் போனான்" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லை நாம் இன்றும் சுமக்கிறோம்.

அன்று முதல், நாள் கேட்டு வருவோரிடம் நாமே நான்கு கேள்வி கேட்கிறோம். எந்த நீருக்குப் போகிறாய்? அதற்கு மேலே உள்ள அணையில் இன்று என்ன நிலை? உன்னோடு வருபவர் யார், அவருக்கு நீந்தத் தெரியுமா? எத்தனை மணிக்குத் திரும்புவாய், அதனை வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கிறாய்? இந்நான்கிற்கும் விடை வந்தபின்பே நிலவைப் பற்றிப் பேசுகிறோம். நீர்த்திறப்புக் கூடுமென்று அறிந்தால், ஞாயிறு திருப்பலி அறிவிப்பிலும் அதனை முதலில் படிக்கிறோம். ஆடியில் ஆற்று நடுப்பாறை வேண்டவே வேண்டா. ஏரிக்கரை போதும் என்கிறோம். பெற்றோரே, இக்கேள்விகளை நீங்களும் கேளுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாமல் சீடர்கள் திரும்பிய விடியலை அருளப்பர் தம் நற்செய்தியின் இறுதியில் எழுதியிருக்கிறார். பின்னர் அகப்பட்ட 153 மீன்களை நாம் மறப்பதில்லை. ஆனால், அவர்கள் கரையேறுமுன்பே அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு ஆண்டவர் காத்திருந்தார் என்பதனை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. வெறுங்கையோடு வந்தாலும் கரைக்கு வந்து சேருங்கள். உங்கள் வீட்டிலும் அடுப்பை அணைக்காமல் ஒருவர் விழித்திருக்கிறார்.