வைரத்தோடு வாங்குமுன்: நிறம், வெட்டு, பில்

நகைக்கடையில் 'வெள்ளைக் கல்' என்று காட்டப்படும் வைரம் பெரும்பாலும் முழுக்க நிறமற்றதல்ல. பூமிக்கடியில் உருவான வைரங்களில் மிகப் பெரும்பகுதியில் நைட்ரஜன் கலந்திருக்கிறது. அது நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் கல்லில் மெல்லிய மஞ்சள் சாயல் தங்குகிறது. அந்தச் சாயலை அளக்க அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் 1950களில் வகுத்த வரிசையே இன்று உலகமெங்கும் புழங்குகிறது. ஏ, பி, சி என்ற எழுத்துகளைப் பழைய வியாபாரிகள் ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்திக் குழப்பியிருந்ததால் இந்த வரிசை டி-யில் தொடங்கி இசட் வரை போகிறது. டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி, எச், ஐ, ஜே நான்கும் ஏறக்குறைய நிறமற்றவை. அதற்குக் கீழே போகப்போக மஞ்சள் வெறும் கண்ணுக்கே தெரியத் தொடங்கும்.

இந்த எழுத்து எப்படித் தரப்படுகிறது என்பது வாங்குபவருக்கு முக்கியம். ஆய்வகத்தில் கல்லை நகையில் பதிக்காமல் தனியாக எடுத்து, வெள்ளைத் தட்டில் கவிழ்த்து வைத்து, நிறம் ஏற்கெனவே உறுதியான மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். காதில் ஆடும் தோட்டில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. நிமிர்ந்திருக்கும் கல்லின் மினுக்கம் சாயலை மறைத்துவிடும். மஞ்சள் தங்கத்தில் பதித்தால் தங்கத்தின் நிறமே கல்லுக்குள் பிரதிபலிக்கும். டி நிறக் கல்லை 22 கேரட் தங்கத்தில் பதிப்பது, கூடுதலாகக் கொடுத்த காசைத் தங்கத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பதற்குச் சமம். மஞ்சள் தங்கத்துக்கு எச் அல்லது ஐ தாராளமாகப் போதும். பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ பதிப்பதாக இருந்தால் எஃப் அல்லது ஜி-க்கு ஏறுவதில் பொருள் உண்டு.

தமிழ்நாட்டில் பழைய குடும்பங்கள் இன்றும் 'புளூ ஜாகர்' வைரம் கேட்பதுண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த, வெள்ளையில் நீலம் தட்டும் கற்களுக்கு ஏற்பட்ட பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-ல் மூடப்பட்டது. பாட்டியின் தோட்டில் இருக்கும் கல் உண்மையிலேயே அங்கிருந்து வந்திருக்கலாம். இன்றைக்குப் புதிதாக விற்கும் கல்லுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் அது வெறும் வியாபாரப் பேச்சு. அந்த நீலத்துக்குக் காரணம் புறஊதா ஒளியில் கல் ஒளிரும் குணம். சான்றிதழில் இது 'ஃப்ளோரசன்ஸ்' என்ற தலைப்பில் தனியாகக் குறிக்கப்படும். அந்த நாளில் கூடுதல் விலை வாங்கித் தந்த இதே குணத்துக்கு இன்றைய சந்தை விலையைக் குறைக்கிறது. ஐ, ஜே நிறக் கற்களில் இந்த நீலம் பகல் வெளிச்சத்தில் மஞ்சளைச் சற்று அடக்கிக் கல்லை வெளுப்பாகக் காட்டவும் செய்யும். கையிருப்பு குறைவானவருக்கு இது ஒரு வாய்ப்பு. ஆனால் மிக வலுவாக ஒளிரும் கற்களில் சில வெயிலில் பால் கலந்ததுபோல் மங்கும். வாங்குமுன் கடைவாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வைரத்தின் அழகு முதன்மையாக வெட்டில் இருக்கிறது. இயற்கை தருவது மற்றதெல்லாம், மனிதன் தருவது இது ஒன்றுதான். மேலே விழும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி மேல்வழியே வெளியேற வேண்டும். கல் அதிக ஆழமாகவோ அதிகத் தட்டையாகவோ வெட்டப்பட்டால் ஒளி அடிவழியே கசிந்துவிடும்; டி நிறமாக இருந்தாலும் கல் செத்துத் தெரியும். 1 கேரட் வட்டக் கல் சரியாக வெட்டப்பட்டிருந்தால் விட்டம் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் இருக்கும். எடையைக் காப்பாற்றுவதற்காக அடியை ஆழமாக விட்ட 1 கேரட் கல் 6.1 மில்லிமீட்டர்தான் காட்டும். வாங்குபவர் 1 கேரட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, சுமார் 85 சென்ட் (0.85 கேரட்) கல்லின் அகலத்தைக் காதில் போட்டுக்கொள்கிறார். மிச்ச எடை கண்ணுக்குத் தெரியாமல் தோட்டுக்குள் கிடக்கிறது. பட்ஜெட் இறுகும்போது நிறத்தில் இரண்டு படி இறங்கலாம், தெளிவில் இரண்டு படி இறங்கலாம்; வெட்டில் இறங்கக் கூடாது. வட்டக் கல்லாக இருந்தால் சான்றிதழில் வெட்டுக்கு 'எக்ஸலன்ட்' என்றோ, குறைந்தது 'வெரி குட்' என்றோ இருக்க வேண்டும்.

தெளிவு என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல், மேகம் போன்றவற்றின் கணக்கு. இந்தக் கவலை புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போதே வைரத்துக்கு ஆகாத குற்றங்களைப் பட்டியலிடுகிறது. காகபாதம் அவற்றில் ஒன்று. இன்று 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள்: குறையே இல்லாதது, விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, கடைசியாக வெறும் கண்ணுக்கே குறை தெரியும் ஐ. விஎஸ் 2 கல்லில் இருக்கும் புள்ளியை லூப் இல்லாமல் காண்பது அநேகமாக நடக்காது. எஸ்ஐ 1 கற்களிலும் பலவற்றில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதைக் கல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், காகிதத்தைப் பார்த்தல்ல. புள்ளி நடுவில் கருப்பாக இருக்கிறதா, ஓரத்தில் வெள்ளையாக இருக்கிறதா என்பதில் விலையும் அழகும் மாறும். 7 சென்ட் கல்லில் விவிஎஸ் கேட்பது வீம்பு.

எடையில் ஒரு சொற்குழப்பம் உண்டு. தங்கத்தின் கேரட் தூய்மையைக் குறிக்கும், வைரத்தின் கேரட் எடையைக் குறிக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே பில்லில் இரண்டும் வரும். வைரத்தில் 1 கேரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். கேரட் விலை எடையோடு சீராக ஏறுவதில்லை. 50 சென்ட், 1 கேரட் போன்ற முழு எண்களில் படிக்கட்டுபோல் எகிறும். 1 கேரட்டுக்குப் பதில் 92 சென்ட் கல் வாங்கினால் விட்டத்தில் கால் மில்லிமீட்டர்கூடக் குறையாது, விலையில் நன்றாகக் குறையும். இதே காரணத்தால்தான் ஏழுகல் தோட்டில் 'மொத்தம் 1 கேரட்' என்பதை ஒற்றைக் கல் 1 கேரட்டோடு ஒப்பிடவே கூடாது. இரண்டு தோட்டுக்குமாக 14 கற்கள், ஒவ்வொன்றும் 7 சென்ட்டுக்குச் சற்று மேல். ஒற்றைக் கல்லின் கேரட் விலையைச் சொல்லி ஏழுகல் தோட்டை விற்றால் அது ஏமாற்று.

சிறு கற்கள் விஷயத்தில் சான்றிதழின் பலமும் குறைவு. பெரிய கல்லைத் தனியாக ஆய்ந்து தரும் அறிக்கை வேறு, பதித்து முடித்த நகைக்குத் தரும் அட்டை வேறு. பதித்த கல்லின் அடியைப் பார்க்க முடியாது, தனியாக நிறுக்கவும் முடியாது. ஆகவே 'பதித்த நிலையில் காண முடிந்த அளவுக்கு' என்ற வரியோடுதான் அந்த அட்டைகள் வரும். பின்புறம் மூடிய பழைய பாணித் தோட்டில் இது இன்னும் கடினம். 'இ-எஃப், விவிஎஸ்' என்று கடைக்காரர் சொல்வதை எல்லாக் கல்லுக்குமான உறுதியாக எடுத்துக்கொள்ளாமல், கல் பதிக்குமுன் தனித்தனியாகக் காட்டச் சொல்வதும், பின்புறம் திறந்த அமைப்பைக் கேட்பதும் நல்லது.

தனிக் கல்லுக்கான சான்றிதழிலும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கறார் மாறும். ஒரே கல்லுக்கு ஓரிடத்தில் ஜி, இன்னோரிடத்தில் ஐ கிடைக்கும். 2014 அக்டோபரில் வைர வணிகத் தளமான ராப்நெட் ஒரு ஆய்வகக் குழுமத்தின் அறிக்கைகளோடு வந்த கற்களை மொத்தமாகப் பட்டியலிலிருந்து நீக்கியதற்குக் காரணமே இந்தத் தாராளம்தான். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பல கற்களின் இடைவிளிம்பில் அந்த எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும்; லூப்பில் தெரியும். ஆனால் எண் பொருந்துவதோடு நிறுத்தக் கூடாது. இயற்கை வைரத்தின் எண்ணை ஆய்வக வைரத்தில் பொறித்து அனுப்பிய கற்களை ஜிஐஏ-வே பிடித்திருக்கிறது. அறிக்கையில் விட்டமும் உயரமும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை இருக்கும், எடையும் இருக்கும். தராசிலும் அளவுகோலிலும் அவை அப்படியே வர வேண்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலியல்ல. அதே கார்பன், அதே கடினம், அதே மினுக்கம். வாயுவிலிருந்து படியவைக்கும் சிவிடி முறையிலும், உயர் அழுத்தத்தில் வளர்க்கும் எச்பிஎச்டி முறையிலும் இது உருவாகிறது. இந்த ஆராய்ச்சிக்கென்றே 2023-ல் மத்திய அரசு சென்னை ஐஐடி-க்கு 5 ஆண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. நிறமற்ற, புள்ளியில்லாத பெரிய கல் குறைந்த காசில் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. குறை ஒன்றுதான்: எவ்வளவு வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்பதால் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. டி பீயர்ஸ் நிறுவனம் 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் கேரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கி, 2025-ல் அதை மூடப்போவதாக அறிவித்தது. நாளைக்கு விற்று மகள் கல்யாணத்துக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை வாங்கக் கூடாது. (இயற்கை வைரமும் தங்கம்போல் அன்றைய விலைக்குத் திரும்பிப் போகாது என்பது வேறு கதை.) மோசடி என்பது, ஆய்வக வைரத்தை இயற்கை வைரமென்று சொல்லி அந்த விலைக்கு விற்பது. 2015-ல் வந்த ஐஎஸ்ஓ 18323 தரநிலைப்படி அடைமொழி இல்லாமல் 'வைரம்' என்று சொன்னால் அது இயற்கை வைரம் மட்டுமே. இரண்டையும் கண்ணாலோ லூப்பாலோ பிரிக்க முடியாது. ஆய்வகக் கருவி வேண்டும்.

போலி வேறு. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கும் கியூபிக் சிர்கோனியா அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது, தராசு காட்டிக்கொடுத்துவிடும். மாய்சனைட் தந்திரமானது. கடைகளில் கல்லைத் தொட்டு 'பீப்' ஒலி எழுப்பும் பேனா வெப்பக் கடத்தலை அளப்பது. மாய்சனைட்டும் அதில் தேறிவிடும். லூப்பில் சாய்த்துப் பார்த்தால் அதன் அடிப்பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும்.

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. ராசியை விட்டுவிட்டாலும் இந்த வழக்கத்தில் புத்திசாலித்தனம் இருக்கிறது. அந்த மூன்று நாளில் கல்லை வேறொரு மதிப்பீட்டாளரிடம் காட்டலாம். கல்லின் விவரமும் திருப்பித் தரும் நிபந்தனையும் எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்கத்துக்குத் தினம் ஒரு விலை அறிவிக்கிறார்கள். வைரத்துக்குப் பொதுமக்கள் பார்க்க அப்படி எதுவும் இல்லை. 'வைரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி' என்றால் எந்த விலையிலிருந்து என்ற கேள்விக்குப் பதில் கடைக்காரரிடம் மட்டுமே உண்டு. ஒரே எடை, நிறம், தெளிவு, வெட்டு, ஒரே ஆய்வகம் என்று வைத்து இரண்டு மூன்று கடைகளில் கேரட் விலை கேட்பதுதான் தள்ளுபடியைச் சோதிக்கும் வழி.

தகராறு வந்தால் கைகொடுப்பது பில். அதில் 'டைமண்ட் தோடு 1 ஜோடி' என்று மட்டும் இருந்தால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. இயற்கையா ஆய்வகத்தில் வளர்ந்ததா, கற்களின் எண்ணிக்கை, மொத்த கேரட், நிறம், தெளிவு, சான்றிதழ் எண், கேரட் விலை ஆகியவை வேண்டும். தங்கத்தின் எடையைக் கல் நீக்கித் தனியாகக் காட்ட வேண்டும். தோடு 8.200 கிராம், வைரம் 1 கேரட் என்றால் தங்கம் 8.000 கிராம்; 8.200-க்குத் தங்க விலையும் சேதாரமும் போட்டிருந்தால் அந்த 200 மில்லிகிராமுக்கு வைரமாக ஒருமுறை, தங்கமாக ஒருமுறை என இரண்டு தடவை பணம் வாங்கியிருக்கிறார்கள். நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். திரும்ப எடுப்பதாகச் சொன்னால் எத்தனை சதவீதம், பில் விலையிலா அன்றைய விலையிலா, ரொக்கமா மாற்று நகைதானா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். ஹால்மார்க்கும் ஆறு இலக்க எச்யூஐடி குறியீடும் தங்கத்துக்கு மட்டுமே சாட்சி. கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. ஹால்மார்க் நகையில் தங்கத்தின் தூய்மை குறைந்திருந்தால், குறைவுக்கான தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற பிஐஎஸ் விதிகள் இடம் தருகின்றன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தரத்தையோ வகையையோ பொய்யாகச் சொல்லி விற்பது, பில் தர மறுப்பது இரண்டும் முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்துவிட்டால் குறையுள்ள கல்லுக்கான பொறுப்பு போய்விடாது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் தந்து ஒப்புகை வாங்க வேண்டும். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

சோதனை தேவைப்பட்டால் ஆணையமே கல்லுக்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். அதனால் சந்தேகம் வந்த தோட்டை ஆசாரியிடம் கொடுத்துக் கல்லைக் கழற்றுவதோ, வேறு நகையில் மாற்றிப் பதிப்பதோ கூடாது. கழற்றிய கல் தாங்கள் விற்றதே அல்ல என்று கடை தரப்பு சொல்வதற்கு அது வழி செய்துவிடும்.