கேமராவின் வெள்ளைப் புள்ளியும் செர்னின் கவலையும்

இரவில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த படத்தில், சில வெள்ளைப் புள்ளிகள் எப்போதும் அதே இடத்தில் தெரிகின்றனவா? சில தயாரிப்பிலேயே வந்த குறை. மற்றவை காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து ஓயாமல் வரும் வேகமான துகள்கள்) உங்கள் சென்சாரில் போட்ட காயங்கள்.

காயம் என்றால்? புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் அப்படித்தான் வரிசையாக இருக்கின்றன. வேகமான துகள் மோதினால் ஓர் அணு இடம் பெயர்கிறது. ஒளியே படாதபோதும் அந்த இடத்தில் மின்சாரம் கசிகிறது. அதுதான் வெள்ளைப் புள்ளி.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் இதே காயம் பல மடங்கு. அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில், புரோட்டான் கொத்துகள் விநாடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. மோதல்களில் சிதறும் துகள்களைப் பதிவுசெய்யும் அட்லஸ் கருவியின் மிக உள் அடுக்குச் சென்சார்கள் புரோட்டான் கற்றையிலிருந்து 3.3 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. வளையத்தின் அடுத்த மேம்பாட்டுக்குப் பிறகு, உள் அடுக்கில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நூறு கோடி கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரான்கள் தாக்குவதற்கு ஈடான சேதத்தைத் தாங்க வேண்டும்.

உடையாத பொருளைப் போட்டால் என்ன? வைரம் இருக்கிறதே என்பீர்கள். அதன் அணுக்கள் இறுகப் பிணைந்தவை, கசிவும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் துகள் கடக்கும்போது சிலிக்கான் தரும் மின்னூட்டத்தில் பாதிகூட அது தருவதில்லை. ஆகவே கற்றையைக் கண்காணிக்கும் சிறு கருவிகளில் வைரம், பெரும்பரப்புக்குச் சிலிக்கான்தான்.

அந்தச் சிலிக்கான் காயத்தோடு வேலை செய்ய வேண்டும். மின்னூட்டம் வழியில் காயங்களில் சிக்கிக்கொள்வதால், வழியைக் குறுக்குகிறார்கள். முப்பரிமாணச் சென்சாரில் மின்முனைகள் மேலும் கீழும் இல்லாமல், தூண்களாக உள்ளே இறங்குகின்றன. மின்னூட்டம் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போனால் போதும். 2014-இல் அட்லஸில் இவற்றைப் பொருத்தினார்கள்.

இன்னொரு மருந்து குளிர். வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி குறைந்தால் கசிவு பாதியாகிறது. வளையம் ஓடாத நாட்களிலும் குளிர் வேண்டும்: வெதுவெதுப்பில் வைத்தால் முதலில் கொஞ்சம் ஆறும், நாள் போகப் போகக் காயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலைமை மோசமாகும். எனக்கு இதில் மிக வியப்பானது இதுதான்.

இனி உங்கள் கேமராவுக்கு வருவோம். அங்கும் குளிர் உதவும். தொடர்ந்து வீடியோ எடுத்துச் சூடான கேமராவில் உடனே இரவுப் படம் எடுத்தால் புள்ளிகள் கூடும், கொஞ்சம் ஆறவிடுங்கள்.

விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரே எடுத்தால் கெடுமா? கெடாது. அந்தக் கதிருக்குச் சிலிக்கான் அணுவைப் பெயர்க்கும் வலு இல்லை. உயரே பறக்கும்போது காஸ்மிக் கதிர் அதிகம்தான். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வந்துவிட்ட புள்ளிகளுக்கு வழி உண்டு. பல கேமராக்களின் மெனுவில் ‘நீண்ட வெளிப்பாட்டு இரைச்சல் குறைப்பு’ இருக்கும். அது ஷட்டரை மூடி அதே நேர அளவுக்கு இருட்டுப் படம் ஒன்று எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை உங்கள் படத்திலிருந்து கழித்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் இரட்டை நேரம் ஆகும். இன்றிரவே போட்டுப் பாருங்கள்.