எழுதிக் கொடுத்த வீடும் ஏங்கி நிற்கும் பெற்றோரும்



"நான் பெற்ற பிள்ளைதானே, என்னைக் கைவிட்டுவிடுவானா?" என்று சொல்லிக் குடியிருக்கும் வீட்டை மகனுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே வீட்டுத் திண்ணையில் ஒரு வேளைச் சோற்றுக்குக் காத்திருக்கும் தாய்மார்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். பெற்றோரைச் 'சீ' என்று சொல்வதைக்கூடத் திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் தடுத்திருக்கிறது. அதை நாள்தோறும் ஓதும் இல்லங்களிலும் இக்கொடுமை நிகழ்வதுதான் வேதனை.

ஹிபா எளிதில் நிறைவேறிவிடும். கொடுப்பவர் அறிவிக்க வேண்டும். பெறுபவர் ஏற்க வேண்டும். பொருள் அவர் வசம் ஒப்படைக்கப்பட வேண்டும். பத்திரமோ பதிவோ இன்றி வாய்மொழியாகவே செல்லும். ஆனால் மீட்பது எளிதன்று. ஒப்படைத்துவிட்ட ஹிபாவைப் பெற்ற பிள்ளையிடமிருந்து திரும்பப் பெற ஹனபி மத்ஹபில் இடமில்லை. ஷாபிஈ மத்ஹபில் தந்தைக்கு அவ்வுரிமை உண்டு. இரு மத்ஹபினரும் கலந்து வாழும் ஊர்களில், அடுத்த வீட்டார் அனுபவத்தை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

இந்நிலையில் துணைக்கு வருவது, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். இது எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. 60 வயது நிறைந்த ஒருவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அக்கொடையைத் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம் என்கிறது 23-ஆம் பிரிவு.

அந்த நிபந்தனையில்தான் வழக்கெல்லாம் சிக்குகிறது. நிபந்தனை இருந்ததென்று நிறுவியாக வேண்டும் என உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. முதியோருக்குச் சாதகமாகவே சட்டத்தைப் பொருள் கொள்ள வேண்டும் என 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. அன்பும் பாசமும் கருதிக் கொடுத்ததிலேயே பராமரிப்பு நிபந்தனை உள்ளடங்கியிருக்கக்கூடும் என்று 2025 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறுதலான தீர்ப்புகள்தாம். எனினும், தள்ளாத வயதில் நீதிமன்றப் படியேறுவதைவிடப் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவைப்பது மேலல்லவா? வாய்மொழி ஹிபாவில் அந்த ஒரு வரிக்குச் சாட்சி ஏது?

"மகனை நம்பாததுபோல் ஆகுமே" என்பீர்கள். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. கடன் வாங்கியவரை அது இழிவுபடுத்தவில்லையே!

கொடுக்கச் சொத்தே இல்லாத பெற்றோரும் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கோரலாம். அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய் எனச் சட்டம் வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சென்ற 90 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். மிஞ்சினால் இன்னும் 30 நாட்கள். பிள்ளையில்லாதவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னாளில் அதற்கு வாரிசாகக்கூடிய உறவினரிடம் கோரலாம்.

மனு எழுத இயலாத முதியவர், தாம் அதிகாரமளிக்கும் வேறொருவர் மூலமும் அதைக் கொடுக்கலாம். ஜமாஅத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் முன்வந்தால் போதும். விவரம் கேட்க 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. அந்த அழைப்புக்குக் கட்டணமில்லை.