கணக்கில் வந்து நிற்கும் 160 ரூபாய்

"கம்பெனி புதுசா ஷேர் விடுறானாம். அப்ப நம்ம கையில இருக்குறது மதிப்பு குறைஞ்சிடுமா மாப்ளே?" என்றார் மாமா, டீயை ஆற்றிக்கொண்டே.

"குறையலாம், குறையாமலும் போகலாம் மாமா. யாருக்கு, என்ன விலைக்குக் குடுக்குறாங்கன்னு பாக்கணும்." கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

ஒரு கம்பெனிக்கு மொத்தம் 100 பங்குகள். ஒன்று 100 ரூபாய். ஆக மதிப்பு 10,000. மாமாவிடம் 20 பங்குகள். இன்னும் 25 பங்குகளை வெளியாள் ஒருவருக்கு அதே 100 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். 2,500 ரூபாய் உள்ளே வருகிறது. 12,500 ரூபாய், 125 பங்குகள். ஒன்று அதே 100தான். மாமாவின் பங்கு 20 சதவீதத்திலிருந்து 16 ஆகிறது, ஓட்டின் எடை குறைகிறது. பணம் குறையவில்லை.

அதையே 60 ரூபாய்க்குக் கொடுத்தால்? வருவது 1,500தான். 11,500ஐ 125ஆல் வகுத்தால் ஒரு பங்கு 92. மாமாவின் 2,000 ரூபாய் 1,840 ஆகிவிடுகிறது. அந்த 160 ரூபாய், மலிவாக உள்ளே வந்தவரின் பைக்குப் போய்விட்டது.

"அநியாயமால்ல இருக்கு!"

அதனால்தான் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 62ஆம் பிரிவு, புதுப் பங்குகளை முதலில் பழைய பங்குதாரர்களுக்கே அவரவர் அளவுப்படி கொடுக்கச் சொல்கிறது. வெளியாருக்குக் கொடுக்கப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பழையவர்களுக்குக் கொடுப்பதே ரைட்ஸ் இஷ்யூ. நாலுக்கு ஒன்று என்று மாமாவுக்கு 5 பங்குகள் வரும். அதே 60 ரூபாய் வீதம் 300 ரூபாய் கட்டுகிறார். இப்போது 25 பங்குகள், 92 வீதம் 2,300. போட்ட 300ஐக் கழித்தால் பழைய 2,000 அப்படியே இருக்கிறது.

"கட்டக் காசில்லன்னா?"

உரிமையை விற்கலாம். 92 ரூபாய்ப் பங்கை 60க்கு வாங்கும் உரிமையின் மதிப்பு 32. ஐந்துக்கு 160. தொலைய இருந்த அதே தொகை! சந்தையில் இது கொஞ்சம் ஏறி இறங்கும். வந்த பணத்தைக் கம்பெனி எப்படிப் பயன்படுத்துகிறது என்பதும் பிறகு விலையில் தெரியும்.

2020இல் ரிலையன்ஸ் 53,124 கோடி ரூபாய்க்கு ரைட்ஸ் விட்டது. 15 பங்குக்கு ஒன்று, விலை 1,257. முதலில் விலையில் கால்வாசி கட்டினால் போதும். உரிமை 'ஆர்.இ.' (ரைட்ஸ் என்டைட்டில்மென்ட்) என்று தனியாக டீமேட் கணக்கில் வந்து நின்றது. மே 20 முதல் 29 வரை சந்தையில் விற்கலாம். விண்ணப்பிக்க ஜூன் 3 வரை நேரம். இரண்டும் செய்யாதவர்களின் உரிமை காலாவதி ஆனது.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நேத்து டீமேட்ல ஆர்.இ.ன்னு ஏதோ ஒண்ணு புதுசா நின்னுச்சு மாப்ளே. தெரியாம வந்திருக்கும்னுல்ல நெனச்சேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். "கடைசித் தேதி எங்க போட்டிருக்கும்?"