புரஸ்டேட் சத்திரசிகிச்சையின் பின்னரான வலியும் நரம்புத் தடுப்பு ஊசியும்

புற்றுநோய்க்குள்ளான புரஸ்டேட் சுரப்பியை முற்றாக அகற்றுவதற்கு முன்னர் தொப்புளுக்குக் கீழே வயிற்றை நீளமாகக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. இன்று பல நாடுகளில் ஐந்தாறு சிறு துவாரங்களினூடாகவே அது செய்து முடிக்கப்படுகின்றது. ரோபோ இயந்திரக் கரங்களின் துணையுடன் இச்சத்திரசிகிச்சை 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் மேற்கொள்ளப்பட்டது. காயம் சிறிதென்றால் வலி இராது என்று நோயாளரும் உறவினரும் எண்ணிவிடுகின்றனர். வலி குறைவு என்பது உண்மை. இல்லை என்பது உண்மையல்ல.

அவ்வலி ஓரிடத்திலிருந்து மாத்திரம் எழுவதுமல்ல. துவாரமிடப்பட்ட வயிற்றுச் சுவரின் வலி ஒன்று. சுரப்பி இருந்த உட்பகுதியின் ஆழ்ந்த வலி இன்னொன்று. வயிற்றை விரிப்பதற்காகச் செலுத்தப்படும் காபனீரொட்சைட்டு வாயு பிரிமென்றகட்டை உறுத்துவதனால், கத்தியே படாத தோள்மூட்டிலும் வலி தோன்றுவதுண்டு. இவற்றுக்கு மேலாக, சுமார் ஒரு வாரகாலம் பொருத்தப்பட்டிருக்கும் சிறுநீர்க் குழாயின் உறுத்தலால் சிறுநீர்ப்பை திடீரெனச் சுருங்கி இறுகும் அவஸ்தையும் உள்ளது.

மோர்பின் போன்ற மருந்துகள் வலியை அடக்குமெனினும், குமட்டல், மலச்சிக்கல், மந்தநிலை ஆகியவற்றையும் கூடவே கொண்டுவருகின்றன. குடலின் இயக்கத்தையும் தாமதப்படுத்துகின்றன. இந்நோயாளர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள் என்பதால் இது சிறிய விடயமன்று. மோர்பினின் தேவையைக் குறைப்பதற்காகவே நரம்புத் தடுப்பு ஊசி பயன்படுத்தப்படுகின்றது.

வயிற்றுச் சுவரின் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தசைப்படைகள் உள்ளன. உட்புறமுள்ள இரண்டு படைகளுக்கும் நடுவே வயிற்றுச் சுவருக்கான நரம்புகள் செல்கின்றன. அவ்விடைவெளியில் மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையை 2001இல் ரஃபி என்ற மயக்கமருந்து நிபுணர் விபரித்தார். அவர் ஊசியின் வழியைக் கைத்தடத்தாலேயே உணர்ந்து கண்டார். இன்றோ ஸ்கான் திரையில் ஊசிமுனையைப் பார்த்தவாறே இரு பக்கமும் மருந்து செலுத்தப்படுகின்றது. நோயாளர் மயக்கத்தில் இருக்கும்போதே இது நிறைவேறிவிடும். புபிவகெயின், ரோபிவகெயின் ஆகியன வழமையான மருந்துகள். பலன் சில மணித்தியாலங்கள் முதல் ஏறத்தாழ ஒரு நாள் வரை நீடிக்கும்.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கருதலாகாது. இவ்வூசி வயிற்றுச் சுவரின் வலியையே தணிக்கும். உட்பகுதியின் வலியையோ சிறுநீர்ப்பையின் இறுக்கத்தையோ அது தீண்டாது. பின்னையதற்கு வேறு மருந்து வேண்டும். எனவே பரசிற்றமோல் முதலியவற்றுடன் சேர்த்தே இது வழங்கப்படுகின்றது. சத்திரசிகிச்சை நிபுணர் துவாரங்களின் ஓரத்தில் நேரடியாக இடும் மரப்பு ஊசியைவிட இது எவ்வளவு மேலானது என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. வேறுபாடு பெரிதன்று என்றே கருதத் தோன்றுகின்றது.

மருந்தின் அளவு உடல் நிறையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. அளவு மிஞ்சி இரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இதயத் துடிப்பில் குழப்பமும் ஏற்படலாம். மயக்கம் தெளிந்த பின் காதில் இரைச்சல், நாவிலும் உதட்டைச் சுற்றியும் மரப்பு, உலோகச் சுவை ஆகியவற்றை உணர்பவர் அதனைத் தாதியிடம் உடன் தெரிவித்தல் வேண்டும். குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், மரப்பு ஊசிக்கு முன்னர் ஒவ்வாமை ஏற்பட்டவர்களும் அதனைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மயக்கமருந்து வைத்தியரிடம் கூறுவது அவசியம்.