கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்

ஜூலை பிறந்தால் இலங்கையின் ஊவா மாகாணத்தில் பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பக்கத் தேயிலை மலைகளில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கும். உதடு வெடிக்கும், ஓடைகள் ஒடுங்கும், கொழுந்து குறையும். ஊவாவின் மிகச் சிறந்த தேயிலையும் இந்தக் காலத்தில்தான் கிடைக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறித்த தேயிலைக்குத் தனி மணம் உண்டு, கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பும் உண்டு.

கச்சான் வறண்டு போவதற்குக் காரணம் மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மழையாய்க் கொட்டிவிடுகிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும். அதனால் ஈரக்காற்று 1,000 மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை செல்சியஸ்தான் குளிர்கிறது. ஈரத்தைத் தொலைத்துவிட்டு ஊவாப் பக்கம் அதே 1,000 மீற்றர் இறங்கும்போது சுமார் 10 பாகை சூடேறிவிடுகிறது. இதுவே கச்சான்.

இந்தக் காற்று பட்டதும் தேயிலைச் செடி நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. வளர்ச்சி மந்தமாகிறது. சிறுத்து வரும் கொழுந்தில் மணப்பொருட்கள் செறிகின்றன. அவற்றில் முக்கியமானது மெதைல் சலிசிலேற்று. வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் மணம் இதனுடையதுதான். செடிகள் நெருக்கடியில் சுரக்கும் பொருள் இது. உயிருள்ள இலையில் இது சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து மணமின்றிக் கிடக்கிறது. பிணைப்பை அறுக்கும் நொதியைச் செடி வேறிடத்தில் பிரித்து வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் உருளை கொழுந்தை நசுக்கும்போது இரண்டும் சந்திக்கின்றன, மணம் எழுகிறது. செடி பட்ட தாகத்தையே நாம் சுவையாகக் குடிக்கிறோம்.

அந்தத் தாகத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒக்டோபரில் மழை வந்துவிட்டால் செடி தேறிவிடும். மழை பிந்தினால் மெல்லிய வேர்கள் கருகும், பின்பு செடியே பட்டுப்போகும். 1991இல் சுமார் 24 கோடி கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி, 1992 வறட்சியில் 18 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது.

உயரும் வெப்பநிலையும் சேர்ந்து நெருக்குகிறது. தேயிலை விளைச்சலுக்குச் சராசரி 22 பாகை செல்சியஸ் அளவே உகந்தது என்பது தேயிலை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் கணிப்பு. அப்புத்தளை உயரத்தில் வெப்பம் கூடுவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பதுளை நகரைச் சுற்றிய தாழ்ந்த மலைகளுக்கு அது இல்லை. தோட்டத்தை மேலே நகர்த்தலாம் என்றால், மேலே எஞ்சியிருப்பது ஆறுகள் பிறக்கும் காடு. அதில் கை வைக்கவே கூடாது.

காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இந்த ஒரே விதி இரண்டு துன்பங்களுக்கும் வழி திறக்கிறது. மழையில்லா நாட்களில் மண்ணிலும் இலையிலும் இருந்து காற்று அதிகம் உறிஞ்சும். மழை வரும்போது அதிகமாகக் கொட்டும். வறட்சியும் மண்சரிவும் ஒரே மலைக்கு, ஒரே ஆண்டில் வரலாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் லயன்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை.

ஊவா ஒரு பயிரை முன்பும் இழந்திருக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அப்போது மாற்றாகத் தேயிலை இருந்தது. இன்று அப்படி ஆயத்தமான மாற்று இல்லாததால், இருக்கும் தேயிலையைத்தான் காக்க வேண்டும். வேலைகள் தெரிந்தவையே: வறட்சி தாங்கும் செடிவகைகள், நிழல் மரங்கள், மண்ணுக்கு மூடாக்கு, காலம் பார்த்த கவ்வாத்து, சரிவுக்குக் குறுக்கே ஒழுங்காக வெட்டிய கான்கள். வருமானம் குறைந்த ஆண்டில் பல தோட்டங்கள் முதலில் வெட்டும் செலவும் இவைதான், பெருந்தவறும் அதுவே.

குறித்த கிலோ பறித்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்ற கணக்கு தோட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. கொழுந்தில்லாத வறட்சியின் நட்டம் இப்படி, கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்தில்தான் முதலில் இறங்குகிறது. மழை மாதத்தின் ஆபத்தும் சரிவோரத்து லயனில் அவள் படுக்கைக்குத்தான் முதலில் வருகிறது. ஊவாவுக்கென யார் காலநிலைத் திட்டம் வகுத்தாலும், வறட்சி மாதங்களுக்கு வருமானக் காப்பையும் உறுதியான நிலத்தில் வீட்டையும் அதன் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.